பிறந்தநாளும் விளையாட்டும்

ஊரைவிட்டு வந்து வாழும் குடும்பங்களில் குழந்தையின் பிறந்தநாள் சிறிய செய்தி அன்று. ஊரில் இருந்தால் அன்று காலை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, புத்தாடை உடுத்தி, கோயிலுக்கு அழைத்துச் சென்று, பாயசத்தோடு சோறிட்டால் போதும். மாமனும் அத்தையும் சித்தப்பாவும் தாமே வந்து நிற்பர். தெருப்பிள்ளைகள் அழையாமலே கூடுவர். என்ன விளையாடுவது, யார் முதலில் ஆடுவது என்பனவற்றையெல்லாம் அவர்களே பேசி முடிவு செய்துகொள்வர். பெற்றோர் அதைப்பற்றி எண்ணிப் பார்க்கவும் வேண்டியதில்லை.

மும்பையில் வாழும் நமக்கு அந்த வசதி இல்லை. உறவினர் தாராவியிலும் முலுண்டிலும் டோம்பிவலியிலுமாகப் பிரிந்து கிடக்கின்றனர். தெரு வண்டிகளுக்கு உரியதாகிவிட்டது. பிள்ளைகளோ அடுக்குமாடிக் கதவுகளுக்குப் பின்னால் வளர்கின்றனர். எனவே இங்கே பிறந்தநாள் என்றால் அழைப்பு வேண்டும், நேரம் குறிக்க வேண்டும், வந்த குழந்தைகளை இரண்டு மணி நேரம் என்ன செய்வது என்று திட்டமிடவும் வேண்டும். இந்தக் கடைசி வேலையில் நாங்கள் ஓராண்டு தோற்று, மறு ஆண்டு சிறிது கற்றுக்கொண்டோம். அந்த அனுபவம் நம் குடும்பங்கள் சிலவற்றிற்கேனும் பயன்படலாம் என்று கருதி இதனை எழுதுகின்றோம்.

எங்கள் மூத்தோர் நெல்லைச் சீமையிலிருந்து தாராவிக்குத் தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்கள். எங்கள் ஆச்சி ஐம்பது ஆண்டுகள் தாராவியில் வாழ்ந்தவர். நாங்கள் இப்போது செம்பூரில், இரண்டு அறையும் ஒரு கூடமும் உடைய வீட்டில் இருக்கின்றோம். ஆச்சியும் எங்களோடு இருக்கின்றார். எங்கள் மகளுக்குச் சென்ற திங்களில் ஐந்து வயது நிறைந்தது. ஆச்சி தமிழில் கேட்டால் மகள் இந்தியில் விடை சொல்வாள். ஆச்சிக்கு இந்தி அரைகுறை. பேத்திக்குத் தமிழ் அரைகுறை. ஒரே வீட்டில் இருவரும் பாதி வழியில் சந்தித்துக்கொண்டிருந்தனர். பெற்றோராகிய எங்களுக்கு நெடுநாளாக இருந்துவரும் மனக்குறை இது.

நான்காம் பிறந்தநாளுக்கு விளையாட்டு நடத்தவென்று ஒருவரைக் கூலிக்கு அமர்த்தியிருந்தோம். அவர் ஒலிபெருக்கியோடு வந்தார். பன்னிரண்டடிக்குப் பதினைந்தடி உள்ள கூடத்தில் பதினெட்டுக் குழந்தைகள் இருந்தனர். முதல் விளையாட்டு நாற்காலி சுற்றுவது. பாட்டு நின்றவுடன் இடம் கிடைக்காமல் முதலில் வெளியேறியவள் எங்கள் மகளே. தன் பிறந்தநாளில், தன் வீட்டில், தன் நாற்காலியிலேயே தனக்கு இடமில்லை என்பது நான்கு வயதுக் குழந்தைக்கு எப்படி விளங்கும்? அவள் அழுதாள். அடுத்தடுத்து வெளியேறியவர்களும் சுவரோரம் நின்று சிணுங்கினர். கடைசியில் எட்டு வயதுப் பையன் ஒருவன் வென்று பரிசைப் பெற்றுக்கொண்டான். ஆச்சி அடுக்களையில் உட்கார்ந்து இரைச்சலுக்குக் காதைப் பொத்திக்கொண்டிருந்தார். அந்த நடத்துநர்மீது குற்றமில்லை. அவர் எங்கும் செய்வதைத்தான் செய்தார். எத்தனை வயதுக் குழந்தைகள், எவ்வளவு இடம், யார் யார் வருகின்றனர் என்பதை எண்ணிப் பாராத குற்றம் எங்களுடையதே.

இவ்வாண்டு நாங்களே திட்டமிடுவது என்று உறுதி செய்தோம். நம் ஊர் விளையாட்டுகளையே ஆடச் செய்வோம், அவ்வழியாக மகள் காதில் நாலு தமிழ்ச் சொல் விழட்டும் என்பது எங்கள் ஆசை. தாளை எடுத்து எழுதத் தொடங்கினோம். பட்டியலின் தலையில் நொண்டியை எழுதி அடிக்கோடும் இட்டோம். அதற்கொரு காரணம் இருந்தது. மராத்தியர் இதே விளையாட்டை லங்டி என்கின்றனர். ஒற்றைக் காலில் தத்திச் சென்று மற்றவரைத் தொடுவதே இரண்டிலும் ஆட்டம். பெயரின் பொருளும் ஒன்றே. நம் சடுகுடுவை அவர்கள் ஹுதுது என்பர். நம் கில்லி அவர்களுக்கு விட்டி தாண்டு. ஏழு சில்லுகளை அடுக்கிப் பந்தால் அடிப்பது லகோரி. நாம் பரமபதம் என்று சொல்லும் ஆட்டம் அவர்களுக்கு மோட்சபடம்; ஞானேசுவரர் அமைத்தது என்று மரபுவழிக் கூறுவர். வந்த ஊருக்கும் வாழும் ஊருக்கும் விளையாட்டில் இத்தனை உறவு இருக்கின்றதே என்று எங்களுக்கு மகிழ்ச்சி. எங்கள் அறிவை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

மகள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தவள், ஓடிப்போய் எதிர்வீட்டில் “எங்கள் வீட்டில் லங்டி ஆடப்போகிறோம்” என்று சொல்லிவிட்டு வந்தாள். எதிர்வீட்டார் மராத்தியர். அவர்கள் மகனுக்கும் ஐந்து வயதுதான். எங்கள் மகளுக்கு உற்ற தோழன். பிறவியிலேயே அவனுக்கு ஒரு கால் சற்றுக் குட்டை. அடி தடித்த காலணி ஒன்றை அணிந்து, சாய்ந்து சாய்ந்து நடப்பான்.

அன்று மாலை அவன் தாய் வந்தார். பிறந்தநாளன்று தாங்கள் அவனுடைய மாமா வீட்டிற்குப் போக வேண்டியிருக்கும் என்றும், மகன் வர இயலாது என்றும் புன்சிரிப்போடு சொன்னார். வாசல்வரை சென்றவர் திரும்பி நின்று, “ஓடுகிற ஆட்டங்கள்தாமா எல்லாம்?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மேசைமேல் எங்கள் பட்டியல் கிடந்தது. அதன் தலையில் அடிக்கோடிட்ட அந்தச் சொல் இருந்தது. அந்தச் சிறுவனை நாள்தோறும் பார்க்கின்றோம். அவனோடு மின்தூக்கியில் ஏறி இறங்குகின்றோம். இருந்தும் அவன் முன்னால் பத்துப் பிள்ளைகளை நொண்டச் செய்து, அதனை விளையாட்டு என்று பெயரிட்டு அழைக்க ஆயத்தமாகியிருந்தோம். தீய எண்ணம் எதுவும் எங்களிடம் இல்லை. எண்ணமே இல்லை என்பதுதான் உண்மை. சென்ற ஆண்டும் அவர்கள் ஏதோ ஒரு மாமா வீட்டிற்குப் போனது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மன்னிப்புக் கேட்டால் அவர் மேலும் வருந்துவாரோ என்று அஞ்சினோம். ஆகவே, “வீட்டில் அவன் என்ன விளையாடுவான்?” என்று மட்டும் கேட்டோம். அவர் முகம் சற்று மலர்ந்தது. “அவன் ஆஜியோடு சாகர்கோட்டே ஆடுவான். அதில் அவனை யாரும் வெல்ல முடியாது” என்றார். மராத்தியில் ஆஜி என்றால் பாட்டி. சாகர்கோட்டே என்றால் யாதென்று எங்களுக்குத் தெரியவில்லை. அவர் தம் வீட்டிற்குச் சென்று, சிறு துணிப்பை ஒன்றைக் கொண்டுவந்து கவிழ்த்தார். சாம்பல் நிறத்தில், பளிங்குபோல் வழவழப்பாக, கோலிக்குண்டு அளவில் விதைகள் உருண்டன.

அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த ஆச்சி, ஈரக் கையோடு வந்து ஒன்றை எடுத்தார். “இது நம்ம கழச்சிக்காய்லா!” என்றார்.

ஆம், கழற்சிக்காய். நாட்டு மருந்துக் கடைகளில் வீக்கத்திற்கும் காய்ச்சலுக்கும் என்று விற்பது. கடற்கரை வேலிகளில் முட்கொடியாகப் படர்ந்து, முள் மூடிய காய்க்குள் ஒன்றிரண்டு விதைகள் வைக்கும் செடி. சங்கப் பாடல்களில் மகளிர் ஆடும் கழங்கு இந்த விதையைக் கொண்டு ஆடியதே என்பர். ஆச்சி தம் சிறு வயதில் ஊர்த் திண்ணையில் ஆடியதும் இதுவே. தாராவிக்கு வந்தபின் விதை கிடைக்காமல் கூழாங்கல்லைக் கொண்டு ஐந்தாங்கல் ஆடினாராம். பிறகு அதுவும் விட்டுப்போயிற்று. அவர் தரையில் உட்கார்ந்து ஒரு விதையை மேலே எறிந்தார், கீழே இருந்த இரண்டை அள்ளினார், எறிந்ததைப் பிடித்தார். எழுபது வயதைக் கடந்த கை அதனை மறக்கவில்லை. எங்கள் மகள் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்றிரவே பழைய பட்டியலைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினோம். இம்முறை விளையாட்டின் பெயரை எழுதுவதற்கு முன் வருகின்ற குழந்தைகளின் பெயரை எழுதினோம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அந்தக் குழந்தையால் எது இயலும், எது இயலாது, எதற்கு அஞ்சும், எந்த மொழி பேசும் என்று குறித்துக்கொண்டோம். பதினெட்டுப் பேரை அழைப்பதில்லை, பத்துப் பேர் போதும் என்று முடிவு செய்தோம். ஒரு விளையாட்டிற்கு எட்டு அல்லது பத்து நிமிடம். ஐந்து வயதின் கவனம் அதற்குமேல் நில்லாது. யாரையும் வெளியேற்றும் ஆட்டம் வேண்டா என்பதே முதல் விதி.

பிள்ளை விளையாட்டைப் பெரியோர் பொருட்படுத்தியது புதிதன்று. ஜெர்மனியில் பிரடரிக் பிரோபெல் 1837-ஆம் ஆண்டில் பிளாங்கன்பர்க்கில் தொடங்கிய பள்ளி விளையாட்டையே பாடமாகக் கொண்டது. நம் நாட்டில் கிஜுபாய் பதேகா 1920-இல் பவநகரில் பாலமந்திர் தொடங்கினார். அவரோடு பணியாற்றிய தாராபாய் மோடக் மும்பைக்கு வடக்கே போர்டியிலும் பின்னர் கோஸ்பாட் குன்றிலும் ஏழைப் பழங்குடிப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். விலையுயர்ந்த கருவிகளை நாடாமல் கூழாங்கல், விதை, சிப்பி முதலிய உள்ளூர்ப் பொருள்களையே அவர் பயன்படுத்தினார். 1962-இல் அவருக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது. ஐக்கிய நாடுகள் அவை 1989-இல் ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு விளையாட்டைக் குழந்தையின் உரிமை என்றே கூறுகின்றது. இந்தியா அதனை 1992-இல் ஏற்றுக்கொண்டது. உரிமை என்றால் எல்லாக் குழந்தைக்கும் உரிமைதானே? எதிர்வீட்டுச் சிறுவனும் அதில் அடங்குவான்.

பிறந்தநாளன்று மாலை ஐந்து மணிக்குக் குழந்தைகள் வந்தனர். மாமா வீட்டுப் பயணம் எப்படியோ நின்றுபோயிருந்தது. எதிர்வீட்டுச் சிறுவன் தன் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தான். நாங்கள் ஆடச் செய்தவற்றை வரிசையாகக் கூறுகின்றோம்.

எல்லாரும் ஒரே நேரத்தில் வருவதில்லை. ஆகவே முதலில் தொடக்கமும் முடிவும் இல்லாத ஒரு வேலை வேண்டும். கூடத்தின் ஓரத்தில் சுண்ணக்கட்டியால் புள்ளிக்கோலம் ஒன்றைப் பெரிதாக இட்டு வைத்தோம். வந்த குழந்தை உட்கார்ந்து ஒரு கட்டத்திற்கு வண்ணப்பொடி இடலாம். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடரலாம். வெட்கப்பட்டு ஒதுங்கும் குழந்தைக்கு இது மிகவும் ஏற்றது. யாரோடும் பேசாமலே கூட்டத்தில் ஒருவராகிவிடலாம்.

அடுத்து, மணலில் குச்சி ஒளிக்கும் ஆட்டம். நம்மில் பலர் கிச்சு கிச்சு தாம்பாளம் என்று ஆடியதுதான். ஊரில் தெருமணல் உண்டு. இங்கே இரண்டு பெரிய தாம்பாளங்களில் சலித்த மணலைக் கரையாகக் குவித்து வைத்தோம். ஒருவர் சிறு குச்சியை மணற்கரையில் ஓரிடத்தில் ஒளிக்க, மற்றவர் இரு கைகளையும் கோத்து, இருக்கும் இடம் என்று தோன்றுவதை மூடவேண்டும். உட்கார்ந்தே ஆடலாம், வலிமை வேண்டா, வயது வேண்டா. எதிர்வீட்டுச் சிறுவன் தொடர்ந்து மூன்று முறை குச்சியைக் கண்டுபிடித்தான். ஒளிப்பவர் கண் போகும் இடத்தைப் பார்த்தானாம்!

மூன்றாவது, சென்ற ஆண்டு அழவைத்த அதே நாற்காலி ஆட்டம், ஆனால் தலைகீழாக. நாற்காலிக்குப் பதில் சிறு பாய்களை விரித்தோம். ஆச்சி கைத்தாளம் போட, குழந்தைகள் நடக்கவேண்டும், ஓடுதல் கூடாது. தாளம் நின்றால் பாயில் நிற்கவேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு பாயை எடுப்போம், குழந்தையை எடுக்கமாட்டோம். கடைசியில் ஒரே பாயில் பத்துப் பேரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும். கனடா நாட்டு டெர்ரி ஆர்லிக் 1978-இல் கூட்டு விளையாட்டுகளைப்பற்றி எழுதிய நூலில் இத்தகைய ஆட்டங்களை விளக்கியிருக்கின்றார். அன்று எங்கள் கூடத்தில் எழுந்த சிரிப்பொலி சென்ற ஆண்டின் ஒலிபெருக்கியை வென்றது. இம்முறை ஆச்சி காதைப் பொத்திக்கொள்ளவில்லை.

நான்காவது, தொட்டறியும் பை. ஒரு துணிப்பைக்குள் மஞ்சள் கிழங்கு, சுக்கு, புளியங்கொட்டை, சிப்பி, தேங்காய்ச் சிரட்டை ஆகியவற்றை இட்டோம். குழந்தை கையைவிட்டுத் தடவி, வெளியில் எடுக்காமலே பெயர் சொல்லவேண்டும். எந்த மொழியிலும் சொல்லலாம். ஒருவன் ஹளத் என்றான். ஒருத்தி ஹல்தி என்றாள். ஆச்சி மஞ்சள் என்றார். புளியங்கொட்டையைச் சிஞ்சோகா என்றான் எதிர்வீட்டுச் சிறுவன். ஒரு பொருளுக்கு மூன்று பெயர் இருப்பது குழந்தைகளுக்குப் பெரிய வேடிக்கையாயிற்று. மற்றவர்கள் “தமிழில் என்ன, தமிழில் என்ன?” என்று கேட்கக் கேட்க, எங்கள் மகள் ஆச்சியிடம் ஓடியோடிக் கேட்டு வந்து விடை சொன்னாள். தமிழ் தெரிவது அவளுக்கு அன்று ஒரு பெருமையாக இருந்தது. நாங்கள் எத்தனையோ முறை அதட்டியும் கெஞ்சியும் வராத ஒன்று அது.

கடைசி ஆட்டம் கழற்சிக்காய். எறிந்து பிடிப்பது ஐந்து வயதிற்கு அரிது. ஆகவே விதைகளைச் சிந்திவிட்டு, அடுத்ததை அசைக்காமல் ஒவ்வொன்றாக எடுக்கும் எளிய ஆட்டத்தை வைத்தோம். சொல்லிக் கொடுத்தவன் எதிர்வீட்டுச் சிறுவன். ஒரு பக்கம் ஆச்சியும் மறு பக்கம் ஆஜியும் உட்கார்ந்தனர். ஆச்சி, ஆஜி என்ற சொற்கள் குழந்தைகள் வாயில் கலந்துபோயின. எந்தப் பாட்டியை அழைத்தாலும் இருவரும் திரும்பினர். சிறிது நேரத்தில் பிள்ளைகள் பலகாரத்திற்கு எழுந்து போய்விட்டனர். பாட்டிமார் இருவரும் எழவில்லை. இவர் தமிழில் எண்ண, அவர் மராத்தியில் எண்ண, ஆட்டம் தொடர்ந்தது. ஒரே தளத்தில் எதிரெதிர் கதவுகளுக்குள் மூன்றாண்டுகள் வாழ்ந்தவர்கள். அதுவரை ஒரு புன்சிரிப்புக்குமேல் அவர்களிடையே பேச்சு இருந்ததில்லை.

எல்லாம் செம்மையாக நடந்தது என்று சொன்னால் பொய்யாகும். மணல் கூடமெங்கும் இறைந்தது. மறுநாளும் காலில் நெருடிற்று. பைக்குள் கைவிட அஞ்சி ஒரு குழந்தை அழுதது; அதற்குப் பையைத் திறந்தே காட்டினோம். மிகப் பெரிய அச்சம் கடைசியில் வந்தது. விதைகளை எண்ணி நாற்பது வைத்திருந்தோம். திரும்ப எண்ணியபோது முப்பத்தொன்பதே இருந்தன. எதிர்வீட்டுச் சிறுவனின் தங்கை, இரண்டு வயதுக் குழந்தை, அங்கே தவழ்ந்துகொண்டிருந்தது. எங்களுக்கு நெஞ்சு நின்றுவிட்டது. அதன் மூடிய கைக்குள் விதை இருந்தது, வாய்க்குப் போகவில்லை. மூன்று வயதிற்குக் குறைந்த குழந்தை இருக்கும் இடத்தில் விதை, கோலி, கூழாங்கல் ஆகியவற்றைத் தரையில் பரப்புதல் தவறு. மேசைமேல் ஆடச் செய்திருக்கவேண்டும். முழு வேர்க்கடலையும் வெடித்த பலூனின் துண்டும் அவ்வாறே மூச்சுக்குழலை அடைக்கக்கூடியவை. தாய்மார் இதனை மறவாதிருக்க வேண்டுகின்றோம். விளையாட்டுக்கு முன்னும் பின்னும் எண்ணிப் பார்ப்பது நல்ல பழக்கம். அன்று எங்களைக் காத்தது அதுவே.

செலவைப்பற்றிக் கேட்போர்க்கு ஒரு சொல். சென்ற ஆண்டு ஆனதில் எட்டில் ஒரு பங்கும் இவ்வாண்டு ஆகவில்லை. வென்றவர்க்கு என்று பரிசு எதுவும் இல்லை. போகும்போது எல்லாக் குழந்தைக்கும் ஒரே அளவான பரிசுப்பை, உள்ளே சுண்ணக்கட்டியும் சிறு பாயசக் கிண்ணமும். விதையை மட்டும் கொடுக்கவில்லை. கொடுக்கக்கூடாது என்பதை முப்பத்தொன்பது என்ற எண் கற்பித்துவிட்டது.

விருந்தினர் சென்றபின் மகள் ஆச்சியின் மடியில் சாய்ந்துகொண்டு விதைகளைப் பைக்குள் இட்டாள். “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று பதினொன்றுவரை தமிழில் எண்ணினாள். பன்னிரண்டிற்கு இந்திக்குத் தாவினாள். ஆச்சி திருத்தவில்லை, “பன்னெண்டு” என்று தாமும் கூடவே மெல்லச் சொன்னார். நாங்களும் வாய் திறக்கவில்லை. நாற்பதுவரை போவதற்கு இன்னும் நாள் இருக்கின்றது.

அடுத்த திங்களில் எதிர்வீட்டுச் சிறுவனுக்குப் பிறந்தநாள் வருகின்றது. நேற்று அவன் பாட்டி வந்து, இருக்கும் மராத்தியையும் இல்லாத தமிழையும் கலந்து, எங்கள் ஆச்சியை விளையாட்டிற்கு அழைத்துச் சென்றிருக்கின்றார். பேத்தியையும் கட்டாயம் அழைத்து வரவேண்டுமாம். பெற்றோராகிய எங்களுக்கு இன்னும் அழைப்பு வரவில்லை.